பழைய சைக்கிளில் பி.பி. கழற்ற எந்தக் கருவி வாங்குவது?

பி.பி. என்றால் பாட்டம் பிராக்கெட், அதாவது பெடல் கைகளைத் தாங்கும் அச்சு ஃப்ரேமுக்குள் சுழல்கிற பேரிங் பாகம். பழைய ராலே, பிஜோ போன்ற வண்டி கையில் கிடைத்ததும் இணையத்தில் பி.பி. கழற்றும் கருவி என்று தேடி முதலில் வருவதை வாங்கிவிடாதீர்கள். அப்படி விற்பதில் பெரும்பாலானவை இப்போதைய கார்ட்ரிட்ஜ் வகைக்கான (அச்சும் பேரிங்கும் ஒரே உருளையாக மூடி வருவது), உள்ளே பல் வைத்த சாக்கெட்கள். பழைய வண்டியில் இருப்பது ஓர் அச்சு, இரண்டு கப், பால்ஸ், இடப்பக்கம் ஒரு லாக் ரிங், அவ்வளவுதான். அந்த சாக்கெட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

முதலில் கிராங்க் (பெடல் பூட்டிய கை) அச்சில் எப்படிப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள், ஏனென்றால் அதைக் கழற்றாமல் கப் பக்கமே போக முடியாது. காட்டர் பின் (கிராங்கை அச்சோடு பூட்டும் ஆப்பு போன்ற பின்) போட்ட வண்டி என்றால், அதை அழுத்தித் தள்ளும் காட்டர் பிரஸ் ஒன்று வாங்குவது நல்லது. சுத்தியலால் அடித்தால் பின்னின் மரை மழுங்கி வளைந்துவிடும், அதோடு அடி பால்ஸ் வழியாக இறங்கி கப்பிலும் அச்சிலும் குழி விழும். பிரஸ் கிடைக்கவில்லையா, கனமான ஜி கிளாம்ப் ஒன்றும் பின்னின் பருத்த முனை உள்ளே போகிற அளவு சாக்கெட் ஒன்றும் போதும். சதுர அச்சு வைத்த கிராங்க் என்றால், கிராங்கின் மரையில் திருகி அதை வெளியே இழுக்கும் புல்லர் வேண்டும். பெரும்பாலும் 22 மி.மீ. மரைதான், ஆனால் பழைய பிரெஞ்சு கிராங்குகளில் டி.ஏ. கம்பெனியுடையது 23, ஸ்ட்ராங்லைட் கம்பெனியுடையது 23.35, அதனால் அளந்துவிட்டு வாங்குங்கள். போல்ட்டை எடுத்ததும் அடியில் வாஷர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து எடுங்கள், புல்லரை மரை முழுக்க இறங்கும்வரை திருகிவிட்டு அப்புறம் தள்ளுங்கள். பாதி மரையில் தள்ளினால் கிராங்கின் மரை அப்படியே உரிந்து வந்துவிடும்.

இடப்பக்கம் சுலபம். லாக் ரிங்குக்கு வளைவு சரியாகப் பொருந்துகிற கொக்கி ஸ்பேனர், கப்புக்கு அதன் முகத்தில் இருக்கிற துளைக்கோ பள்ளத்துக்கோ ஏற்ற ஸ்பேனர். துளை இருந்தால் அகலம் மாற்றக்கூடிய பின் ஸ்பேனர் ஒன்றே பல வண்டிக்கு உதவும். உளியும் சுத்தியலும் வைத்து லாக் ரிங்கைத் தட்டிக் கழற்றுவது நம் ஊர்க் கடைகளில் சகஜம், ஆனால் ரிங்கின் விளிம்பில் ஸ்பேனர் மாட்டுகிற காடி ஒருமுறை சிதைந்தால் அடுத்த முறை எந்த ஸ்பேனரும் பிடிக்காது. கப் வெளியே வரும்போது பால்ஸ் கொட்டும், கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள். பொதுவாகப் பக்கத்துக்கு 11, கால் அங்குல அளவு.

செயின் பக்கத்து கப்தான் உண்மையான சிக்கல். அதைத் தொடுவதற்கு முன் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பால்ஸ் ஓடும் தடம் குழியில்லாமல் பளபளவென்று இருந்தால் கழற்றவே வேண்டாம், இருந்த இடத்திலேயே மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து கிரீஸ் வைத்து மூடிவிடலாம். என்னைக் கேட்டால் பாதிப் பேருக்கு இந்த கப்பைக் கழற்றும் கருவியே தேவைப்படாது.

கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எந்தப் பக்கம் திருப்புவது என்று முதலில் தெரிய வேண்டும். இங்கிலாந்து மரையில் இந்த கப் இடம்புரி, அதாவது கடிகாரச் சுற்றில் திருப்பினால்தான் கழறும். இத்தாலிய, பிரெஞ்சு மரையில் வழக்கம்போல எதிர்ச்சுற்று. கப் முகத்திலேயே பல சமயம் பொறித்திருக்கும்: 1.37 x 24 என்றால் இங்கிலாந்து, 36 x 24 இத்தாலி, 35 x 1 பிரெஞ்சு. ஆனால் 35 x 1-இலேயே சுவிஸ் வகையும் உண்டு, அதில் இந்த கப் இடம்புரி. பல பழைய ராலே வண்டிகளில் அந்தக் கம்பெனியின் சொந்த மரை, அங்குலத்துக்கு 26. ஃப்ரேமில் பி.பி. உட்காரும் கூட்டின் அகலம் வழக்கமான 68 மி.மீ.க்குப் பதிலாக 71 அல்லது 76 என்று வந்தால் அதுதான் என்று சந்தேகப்படுங்கள். அந்த கப்புக்கு மாற்று கிடைப்பது கஷ்டம், அதனால் பழசைத் தூக்கிப் போடாதீர்கள்.

கப்பின் விளிம்பில் ஸ்பேனர் பிடிக்கிற பட்டை மெல்லிசு, பெரும்பாலும் 36 மி.மீ. அகலம். சாதாரண ஸ்பேனர் அதில் வழுக்கிக்கொண்டு ஓடும், பைப் ரெஞ்ச் கடித்துக் குதறிவிடும். வாங்குவதாக இருந்தால் தட்டையான, கப்போடு போல்ட் போட்டு அழுத்திப் பிடிக்கக்கூடிய ஸ்பேனராக வாங்குங்கள். செலவு வேண்டாம் என்றால் அமெரிக்க மெக்கானிக் ஷெல்டன் பிரௌன் எழுதிவைத்த வழி இருக்கிறது: 16 மி.மீ. போல்ட் ஒன்றை வெளியிலிருந்து கப் துளையில் விட்டு, தலைக்கு அடியில் ஸ்பிரிங் வாஷரும் உள்ளே நட்டும் போட்டு நன்றாக முறுக்குங்கள். அப்புறம் நட்டை விட்டுவிட்டு போல்ட்டின் தலையை மட்டும் கடிகாரச் சுற்றில் திருப்புங்கள். இறுக்க இறுக்கப் பிடி கூடும், ஒரு கட்டத்தில் கப் சேர்ந்து சுற்ற ஆரம்பிக்கும். இத்தாலிய, பிரெஞ்சு மரைக்கு இதையே இடப்பக்கத்திலிருந்து நீள சாக்கெட் விட்டு, உள்ளே இருக்கும் நட்டை முறுக்கிச் செய்ய வேண்டும்.

இதற்கும் மசியாத கப் என்றால் முந்தின இரவே துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். மறுநாள் பெரிய பெஞ்ச் வைஸில் கப்பின் பட்டையைக் கவ்வவைத்து, செயின் பக்கம் கீழே இருக்கும்படி ஃப்ரேமைப் படுக்கவைத்து, ஃப்ரேமையே சுற்றுங்கள். இங்கிலாந்து மரை என்றால் மேலிருந்து பார்க்கும்போது கடிகாரச் சுற்றில்.