சரக்கிருப்பு மாற்றத்தை நாடுகளுக்கிடையே ஒப்பிடுவது எப்படி? (இந்தியா, பாகிஸ்தான் தரவுகளுடன்)

மொத்த உள்நாட்டு உற்பத்தியைச் செலவுவழியில், அதாவது நுகர்வு, முதலீடு போன்ற செலவுகளைக் கூட்டிக் கணக்கிடும்போது, சரக்கிருப்பு மாற்றம் (கையிருப்பில் உள்ள சரக்கு அந்த ஆண்டில் எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது என்பது) சிறிய வரிதான். ஆனால் ஓராண்டின் வளர்ச்சி விற்பனையால் வந்ததா, விற்காத சரக்கு கிடங்கில் குவிந்ததால் வந்ததா என்பதைக் காட்டும் வரி அதுவே. அதனால்தான் இதைக் கவனமாக ஒப்பிட வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

முதல் படி: உலக வங்கியின் உலக வளர்ச்சிக் குறியீடுகள் தரவுத்தளத்தில் இரு நாடுகளையும் தேர்ந்தெடுங்கள். சரக்கிருப்பு மாற்றம், மொத்த உள்நாட்டு உற்பத்தி இரண்டையும் நடப்பு விலையில் (அந்தந்த ஆண்டின் விலையில்), உள்நாட்டு நாணயத்தில் இறக்குங்கள். டாலர் தொகைகளை நேராக ஒப்பிட்டால் நாணய மதிப்பின் ஏற்ற இறக்கமும் உள்ளே புகுந்துவிடும். தளத்திலேயே வரும் வரைபடம் எனக்குப் பிடிக்காது. லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற விரிதாள் செயலியில் நானே வரைவேன்.

இரண்டாம் படி: முதலாவதை இரண்டாவதால் வகுத்து 100 ஆல் பெருக்குங்கள். ஆண்டுக்கு ஆண்டு வளர்ச்சி விகிதத்தைக் கணக்கிட வேண்டாம். இந்த எண் பூஜ்ஜியத்துக்குக் கீழும் போகும். −10 என்பது 5 ஆனால் 15 கூடியிருக்கிறது; வளர்ச்சிச் சூத்திரமோ −150 சதவீதம் என்று காட்டும்.

மூன்றாம் படி ஆண்டுகளைப் பொருத்துவது. என்னை நெடுநேரம் நிறுத்திவைத்த இடம் இது. இந்தியாவின் நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. பாகிஸ்தானுடையது ஜூலை முதல் ஜூன் வரை. ஜூன் 30க்கு முன் முடியும் நிதியாண்டைத் தொடங்கிய ஆண்டின் பெயரிலும், அன்றோ பின்னரோ முடிவதை முடிந்த ஆண்டின் பெயரிலும் உலக வங்கி பதிகிறது. ஆகவே '2019' என்ற தலைப்பின் கீழ் இந்தியாவுக்கு 2019 ஏப்ரல் முதல் 2020 மார்ச் வரையும், பாகிஸ்தானுக்கு 2018 ஜூலை முதல் 2019 ஜூன் வரையும் இருக்கும். இரண்டுக்கும் பொதுவானவை மூன்றே மாதங்கள்! இந்தியாவின் 2019க்கு எதிரே பாகிஸ்தானின் 2020ஐ வைத்தால் பொது மாதங்கள் ஒன்பதாகும். 2020 மார்ச் இறுதியில் தொடங்கிய ஊரடங்குகளை ஆராய்பவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் முடிவே தலைகீழாகும். பொருத்திய ஆண்டுகளுக்குத் தனி நெடுவரிசை வையுங்கள். மூலத் தரவைத் தொடாதீர்கள்.

நான்காம் படி: எண் அளக்கப்பட்டதா, அனுமானமா என்று பாருங்கள். பாகிஸ்தானின் 2005-06ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட கணக்கில் சரக்கிருப்பு மாற்றம் ஆண்டுதோறும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.6 சதவீதம் என்றே வைக்கப்பட்டது. வரைபடத்தில் கோடு படுத்துக் கிடக்கும். அதைப் பார்த்து அங்கே கிடங்குகள் சீராக நிர்வகிக்கப்பட்டன என்று எழுதுவது பெரும் பிழை. இப்படிப்பட்ட தொடரை மற்றொரு நாட்டின் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட்டுக் காரணம் தேடவே கூடாது. அந்தந்த நாட்டின் புள்ளியியல் அலுவலகம் தரும் முறையியல் குறிப்பை முதலில் படியுங்கள். அலுப்பாக இருந்தாலும் படியுங்கள்.

பின்சேர்க்கை: சரக்கிருப்பு மாற்றத்தின் தரவு கிடைக்காதபோது, மொத்த மூலதன உருவாக்கத்திலிருந்து (நாட்டின் மொத்த முதலீட்டிலிருந்து) நிலை மூலதன உருவாக்கத்தை (கட்டடம், இயந்திரம் போன்றவற்றில் செய்த முதலீட்டை) கழிக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். கழித்தால் மிஞ்சுவதில் தங்கம் போன்ற மதிப்புப் பொருள்களும் சேர்ந்திருக்கும். இந்தியா அவற்றைத் தனி வரியாகத் தருவதால், அங்கே இந்தக் குறுக்குவழி தங்கம் வாங்கியதையும் சரக்கிருப்பாக்கிவிடும்.

இன்னொருவருக்குக் கூட்டல் சரியாக வரவில்லை. தரவு இல்லாத இடத்தில் உலக வங்கி இரண்டு புள்ளிகள் வைக்கிறது. அவற்றைப் பூஜ்ஜியமாக மாற்றியிருந்தார். அந்தக் கட்டங்களை வெறுமையாக விடுங்கள்.