2^67 − 1 ப்ரைமா? பெரிய பகா எண் விஷயத்துல பண்ற தப்புங்க

"2 பவர் எதையாவது போட்டு 1 கழிச்சா ப்ரைம் வந்துடும்ல?"னு கேக்குறவங்களைக் குறை சொல்ல முடியாது, ஏன்னா அடுக்குல 2, 3, 5, 7னு பகா எண்ணா வச்சுப் பாத்தா 3, 7, 31, 127னு வரிசையா ப்ரைமாவே விழும், மனசு அதுக்குள்ள விதியே எழுதிடும். அடுத்து 11 வச்சுப் பாருங்க. 2047. அது 23 × 89. அடுக்கு பகா எண்ணா இருந்தே ஆகணும், ஆனா அது மட்டும் பத்தாது.

இது நல்லாத் தெரிஞ்ச மெர்சென்னுக்கே சறுக்குச்சு. பிரான்ஸ் நாட்டுத் துறவி, 1644-ல 257 வரைக்கும் எந்த அடுக்குக்கெல்லாம் ப்ரைம் வரும்னு லிஸ்ட் போட்டாரு, அதுல 67ம் 257ம் தப்பா உள்ள வந்துடுச்சு, 61, 89, 107 மூணும் விட்டுப்போச்சு.

சரி, 2^67 − 1ஐ நாமளே பாத்துடலாம்னு எக்ஸெல்ல போடுவோம் பாருங்க, அங்கதான் அடுத்த தப்பு. முழு எண்ணாக் காட்டச் சொன்னா 147573952589676000000னு வரும். நான் அந்தப் பூஜ்யத்தைப் பாத்துட்டு "இரட்டைப்படை, அப்போ ப்ரைம் இல்ல"னு முடிவு கட்டினேன். முடிவு சரி, வழி மொத்தமும் தப்பு 😄 எக்ஸெல் 15 இலக்கம்தான் வச்சுக்கும், மிச்சத்துக்குப் பூஜ்யம் ரொப்பிடும், நிஜ எண் 147573952589676412927. அசல் ப்ரைமான 2^61 − 1ஐப் போட்டாலும் இதே கதைதான். பைத்தான்ங்கற புரோகிராமிங் மொழில அடிங்க, கடைசி இலக்கம் வரைக்கும் சரியா வரும்.

இன்னொண்ணு, காரணி கண்டுபிடிச்சாதான் ப்ரைம் இல்லனு சொல்ல முடியும்னு நினைக்கறது. பிரெஞ்சுக் கணித அறிஞர் லூகாஸ் 1876-லயே 2^67 − 1 ப்ரைம் இல்லனு காட்டிட்டாரு, கையில ஒரு காரணிகூட இல்லாம! 193707721 × 761838257287னு கோல்ங்கற அமெரிக்கக் கணித அறிஞர் உடைச்சுக் காட்டினது 1903-ல. லூகாஸ் போட்ட பாதையை லேமர்ங்கற இன்னொரு கணித அறிஞர் பின்னாடி எளிமையாக்கினாரு, 127க்கு (2^7 − 1) நீங்களே பண்ணலாம்: 4ல ஆரம்பிங்க, வர்க்கம் எடுத்து 2 கழிங்க, 127ஆல வகுத்து மீதியை மட்டும் வச்சுக்கங்க, திரும்ப அதையே பண்ணுங்க. 14, 67, 42, 111, 0. அடுக்கு 7ங்கறதால அதுல ரெண்டு குறைச்சு அஞ்சு தடவை, அஞ்சாவதுல 0 வந்தா ப்ரைம், வேற என்ன வந்தாலும் இல்ல. எனக்கு இன்னும் இது மாயமாத்தான் இருக்கு.

2024 அக்டோபர்ல அறிவிச்ச 2^136279841 − 1, மொத்தம் 41024320 இலக்கம், அதையும் "உலகத்துலயே பெரிய ப்ரைம்"னு ஃபார்வர்ட் பண்றாங்க. நமக்குத் தெரிஞ்சதுல பெருசு, அவ்ளோதான், அதுக்குக் கீழயே நாம பாக்காத ப்ரைம் எண்ணி மாளாது. பேங்க் பாஸ்வேர்டைக் காப்பாத்தவும் இது உதவாது, அங்க வேண்டியது சில நூறு இலக்கத்துல யாருக்கும் தெரியாத ப்ரைம், ஊருக்கே தெரிஞ்ச சாவியை வச்சு என்ன பூட்டறது?

ப்ரைமுக்கு முடிவே இல்லனு யூக்ளிட் சொன்னதைச் சொல்லும்போதும் ஒரு சறுக்கல் உண்டு: ப்ரைமையெல்லாம் பெருக்கி 1 கூட்டினா புது ப்ரைம் வரும்னு சொல்லிடுவாங்க. 2 × 3 × 5 × 7 × 11 × 13 + 1 = 30031, அது 59 × 509. புது ப்ரைம் அதுக்குள்ள காரணியா ஒளிஞ்சிருக்கும், யூக்ளிட் சொன்னதும் அவ்ளோதான்.