'கெட்' என்னும் ஆங்கில வினைச்சொல்லைக் கையாளும் முறை

'கெட்' என்றால் 'பெறு' என்று மனப்பாடம் செய்துகொண்டவர், 'இட் இஸ் கெட்டிங் டார்க்' என்ற வாக்கியத்தைக் கண்டதும் திகைத்துப்போவார். இங்கே யார் எதைப் பெறுகிறார்? இச்சொல்லுக்குத் தமிழில் ஒரே பொருளைத் தேடாமல், அதை அடுத்து வருவது என்ன என்று பார்த்துப் பழகுவதே நல்லது.

முதலில் வடிவங்களை அறிந்துகொள்ளுங்கள். இறந்தகாலம் 'காட்'. 'ஹேவ்' என்பதை அடுத்து வரும் மூன்றாம் வடிவம் பிரிட்டனில் 'காட்', அமெரிக்காவில் பெரும்பாலும் 'காட்டன்'.

அடுத்து வருவது பெயர்ச்சொல்லானால், கிடைத்தல் அல்லது வாங்குதல் என்று கொள்ளுங்கள். 'எனக்குக் கடிதம் கிடைத்தது' என்னும்போது தமிழில் கடிதமே எழுவாய். ஆங்கிலத்தில் பெறுபவரே எழுவாய் என்பதால் 'ஐ காட் எ லெட்டர்' என்றே தொடங்க வேண்டும்.

பண்புச்சொல் வந்தால் நிலைமாற்றம். 'ஐ ஆம் டயர்ட்' என்றால் களைப்பாக இருக்கிறேன். 'ஐ காட் டயர்ட்' என்றால் களைத்துப்போனேன். முன்பு திகைக்கவைத்த வாக்கியத்துக்கும் 'இருட்டிக்கொண்டு வருகிறது' என்பதே பொருள்.

இடம் வந்தால் போய்ச்சேர்தல்: 'கெட் டு த ஸ்டேஷன்'. 'ஹோம்' என்பதற்கு முன் 'டு' வராது. பேருந்தில் ஏற 'கெட் ஆன்', இறங்க 'கெட் ஆஃப்'. காரில் ஏற 'கெட் இன்', இறங்க 'கெட் அவுட்'. நம்மில் பலர் வசையாக மட்டுமே அறிந்த தொடர் இது!

இனி, பலரும் தடுமாறும் இடத்துக்கு வருவோம். முடிதிருத்தகத்துக்குப் போய்வந்து 'முடி வெட்டினேன்' என்கிறோம். தமிழில் அது உறுத்துவதில்லை. ஆனால் 'ஐ கட் மை ஹேர்' என்றால், கத்தரிக்கோலை நீங்களே பிடித்ததாகத்தான் கேட்பவர் எண்ணுவார். பிறரைக் கொண்டு செய்வித்ததைச் சொல்ல 'ஐ காட் மை ஹேர் கட்' என வேண்டும்: முதலில் 'காட்', பிறகு செயலுக்கு உள்ளாகும் பொருள் ('மை ஹேர்'), இறுதியில் வினையின் மூன்றாம் வடிவம். பள்ளியில் பிறவினை என்று படித்தோமே, ஏறத்தாழ அதன் வேலையைத்தான் இங்கே 'கெட்' செய்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இராசராசன் 'நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி' (கற்கோயில்) என்கிறான். பிறரைக் கொண்டு கட்டுவித்ததால் 'எடுத்த' என்று சொல்லவில்லை. 'எடுப்பிச்ச' என்பதில் உள்ள அந்தப் பிறவினை விகுதி 'பி' பேச்சில் தேய்ந்துபோனதால்தான் ஆங்கிலத்திலும் அதை விட்டுவிடுகிறோம் என்பது என் எண்ணம்.

பயிற்சிக்கு 'ஸ்கூட்டரைப் பழுதுபார்த்தேன்' என்பதை மொழிபெயர்த்துப் பாருங்கள். மெக்கானிக் சரிசெய்திருந்தால் 'ஐ காட் த ஸ்கூட்டர் ரிப்பேர்ட்'. உங்கள் கையிலேயே எண்ணெய்க் கறை படிந்திருந்தால் 'ஐ ரிப்பேர்ட் த ஸ்கூட்டர்'.