காளை நன்றாக மேய்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) நான்கு மாடுகளுக்குச் சினை நிற்கவே இல்லை. காளைக்குச் சேர்த்த மாடு 21 நாளில் பருவத்துக்கு வராது; சரி, நின்றுவிட்டது என்று இருந்தால், 40, 50 நாள் கழித்து மறுபடி கத்தும். வீட்டுக்காரர் தீவனம், தாது உப்பு, பனி என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார். காளையை மட்டும் சந்தேகப்படவில்லை. "அது நல்லாத்தானே மேயுது சார்?"

பெரிய தவறே அதுதான். டிரைக்கோமோனாஸ், கேம்பைலோபேக்டர் என்ற இரண்டு கிருமிகளும் காளையிடம் எந்த அறிகுறியும் காட்டாது. ஆண்குறியை மூடியிருக்கும் முன்தோல் உறையின் மடிப்புகளில் ஒளிந்துகொண்டு, சேரும் மாட்டுக்கெல்லாம் தொற்றும். உள்ளே பிடித்த கரு சில வாரங்களில் அழிந்துவிடும். வயது ஏற ஏற மடிப்புகள் ஆழமாகும். அதனால் பழகிய காளை என்று நம்பி, பரிசோதிக்காமல் வாங்காதீர்கள்.

ரத்தம் எடுத்தாயிற்றே என்பார்கள். அது கன்று வீச்சு நோய்க்கு (புருசெல்லோசிஸுக்கு). இந்த இரண்டுக்கும் முன்தோல் உறைக்குள் உப்புநீர் விட்டு, நன்றாகத் தேய்த்துவிட்டு, கழுவிய நீரை எடுக்க வேண்டும். அதற்கு முன் ஒரு வாரமாவது காளையை மாட்டோடு சேர்க்கக் கூடாது. சேர்த்த மறுநாளே எடுத்தால் கிருமி குறைவாக இருக்கும், முடிவு பொய்யாகும்.

நம் மலையில் அதிகம் நடக்கும் தவறு வேறு. மாதிரி என்றாலே ஐஸ் பெட்டி என்று கை போகிறது. டிரைக்கோமோனாஸ் குளிரில் செத்துவிடும். ஜனவரியில் பைக் பெட்டியில் வைத்தாலே போதும். அந்த ஹட்டியின் முதல் மாதிரியை நான் அப்படித்தான் கெடுத்தேன். நோய் இல்லை என்று வந்தது. அடுத்த வாரம் மாதிரியை வளர்ப்பு ஊடகத்தில் (கிருமி வளர்வதற்கான சத்துக் கரைசலில்) விட்டு, அந்தக் குப்பியை ஸ்வெட்டருக்குள் சட்டைப் பையில் வைத்து, உடம்புச் சூட்டிலேயே கொண்டுபோனேன். கிருமி தெரிந்தது. கேம்பைலோபேக்டருக்கோ காற்றே பகை. அதற்குத் தனி ஊடகம் வேண்டும், ஆய்வகத்தில் முன்பே கேட்டு வாங்கி வையுங்கள்.

ஒரு முறை இல்லை என்று வந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள். வாரம் ஒன்றாக மூன்று முறையும் இல்லை என்று வர வேண்டும். கேட்பதற்கு அலைச்சல்தான், நான்கு மாட்டின் ஒரு வருடக் கன்றும் பாலும் போவதைவிடச் சின்ன அலைச்சல்.

மாதிரியில் குளிர் தாங்காவிட்டாலும், சினை ஊசிக்காக விந்தைக் காக்கும் கரைசலோடு உறைய வைக்கும்போது இந்தக் கிருமிகளும் பிழைத்துக்கொள்ளும். பரிசோதித்த காளைகளின் சினை ஊசியையே போடுங்கள்.

நோய் உறுதியான காளையைச் சத்தமில்லாமல் அடுத்த ஊருக்கு விற்றுவிடாதீர்கள். அங்கேயும் நான்கு வீட்டு மாடுகள் இருக்கின்றன. காயடித்து உழவுக்கோ வண்டிக்கோ வைத்துக்கொள்ளலாம். மாடுகளை மூன்று நான்கு மாதம் காளையிடம் விடாமல் வைத்தால் பெரும்பாலும் தாமே தேறும். அப்புறம் சினை ஊசிக்குக் கூட்டிப் போகலாம்.