லெ மான் 24 மணி நேரப் பந்தயம்: பார்க்க உட்காரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபார்முலா ஒன் பார்த்துப் பழகிய பலர் பிரான்ஸின் லெ மான் கார் பந்தயத்தைப் போட்டுவிட்டு ஒன்றரை மணி நேரத்தில் அணைத்துவிடுகிறார்கள். 'யார் முதலில் போகிறார்?' என்ற ஒரே கேள்வியோடு உட்கார்ந்தால் அலுப்பு வரத்தான் செய்யும். கடந்த சில ஆண்டுகளாக 62 கார்கள் ஓடுகின்றன. மூன்று பிரிவுகள், ஒரு காருக்கு மூன்று ஓட்டுநர்கள், 13.6 கிலோமீட்டர் நீளமுள்ள சுற்று. இதில் ஒரே காரின் வாலைப் பிடித்துக்கொண்டு போனால் நடப்பதில் பாதி கண்ணில் படாது.

முதலில் தூக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 24 மணி நேரமும் கண் விழித்துப் பார்ப்பேன் என்று சபதம் எடுப்பவர்கள்தான் கடைசி ஒரு மணி நேரத்தில் சோபாவிலேயே குறட்டை விடுவார்கள். பந்தயம் பிரான்ஸில் ஜூன் மாதச் சனிக்கிழமை மாலை 4 மணிக்குத் தொடங்கும். நமக்கும் இலங்கைக்கும் அப்போது இரவு 7.30, சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இரவு 10. ஜூனில் அங்கே சூரியன் மறையவே இரவு பத்து மணியாகும், அதாவது நம் நேரம் 1.30. அந்தி வெளிச்சத்தில் கார்கள் விளக்கு போட்டுக்கொண்டு வரும் அழகைப் பார்த்துவிட்டு இரண்டு மணிக்குப் படுத்துவிடுங்கள். அங்கே விடிவது நம் ஞாயிறு காலை 9.30 மணிக்கு. எட்டு, எட்டரைக்கு எழுந்தால் இருட்டின் கடைசிப் பகுதியும் விடியலும் டிபனோடு சேர்ந்தே கிடைக்கும். நேரக் கணக்கில் நாம் உண்மையிலேயே கொடுத்துவைத்தவர்கள். பிரெஞ்சுக்காரர்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு பார்க்கும் வேளை நமக்குக் காபி வேளை.

அடுத்த தவறு, பந்தயம் தொடங்கும் நேரத்தில் ஓசி லிங்க் தேடி அலைவது. அப்படிக் கிடைப்பதில் பாதி நேரம் படம் உறைந்து நிற்கும், மீதி நேரம் சூதாட்ட விளம்பரம் ஓடும். லெ மானும் இடம்பெறும் உலக எண்டியூரன்ஸ் (நெடுநேரப் பந்தய) சாம்பியன்ஷிப்புக்கு என்றே கட்டணச் செயலி இருக்கிறது. ஆனால் சில நாடுகளில் டிவி சேனல் உரிமை வாங்கியிருந்தால் அதில் நேரலை கிடைக்காமல் போகலாம். ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் பார்த்து முடிவு செய்துவிடுங்கள். காசு செலவழிக்காமல் பழகிப் பார்க்க வேண்டுமென்றால் துபாய் 24, ஸ்பா 24, நூர்பர்க்ரிங் 24 ஆகிய பந்தயங்கள் யூடியூபிலேயே இலவசமாக வருகின்றன. லெ மானுக்கு முன்பு அவற்றில் ஒன்றையாவது இரண்டு மணி நேரம் பார்த்துவைப்பது நல்லது.

மொத்த வரிசையை மட்டும் பார்ப்பது

இதுதான் பெரிய தவறு. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி 992 பிரிவில் (போர்ஷே 911 கப் கார்களுக்கான பிரிவு) மூன்றாம் இடம் பிடித்தபோது நம் ஊரில் நடந்த விவாதம் நினைவிருக்கலாம். 'மூணாவது இடமாம்' என்று ஒருவர் கொண்டாட, 'பட்டியலில் எங்கேயோ கீழே அல்லவா இருக்கிறது' என்று இன்னொருவர் கிண்டலடித்தார். இரண்டு பேர் பார்த்ததும் ஒரே பட்டியலைத்தான். பிரிவுக்குள் மூன்றாவது என்றால் அதே வகைக் கார்களோடு போட்டியிட்டு மேடை ஏறியது என்று பொருள். அதைவிட வேகமான கார்களுக்கு நடக்கும் பந்தயம் வேறு.

லெ மானிலும் அப்படித்தான். மிக வேகமான ஹைப்பர்கார் பிரிவில் ஃபெராரி, டொயோட்டா, காடிலாக் போன்ற பெரிய பெயர்கள். அடுத்தது எல்எம்பி2, பந்தயத்துக்கென்றே கட்டப்படும், ஹைப்பர்காரைவிடச் சற்று மெதுவான கார்கள். மூன்றாவது எல்எம்ஜிடி3, சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்களின் பந்தய வடிவம். இந்தக் கடைசிப் பிரிவில் ஒவ்வொரு காரிலும் 'வெண்கல' தரத்தில் ஓர் அமெச்சூர் ஓட்டுநர் இருந்தே ஆக வேண்டும். அதனால் பத்தாம் இடத்தில் இருக்கும் கார் திடீரென்று சுற்றுக்கு நான்கைந்து நொடி வேகம் பிடித்தால் அது மாயமல்ல. அமெச்சூர் இறங்கித் தொழில்முறை ஓட்டுநர் ஏறியிருப்பார். திரையில் கார் எண்ணோடு ஓட்டுநர் பெயரையும் பார்க்கப் பழகினால் இந்தக் கணக்கு தானாகப் பிடிபடும்.

என் யோசனை, ஒவ்வொரு பிரிவிலும் ஒரு காரை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். காரின் நிறம் பிடித்திருக்கிறது என்பதே போதுமான காரணம்.

பிட் ஸ்டாப்பைப் பார்த்துப் பதறுவது

ஹைப்பர்கார்கள் ஏறக்குறைய 40 நிமிடத்துக்கு ஒருமுறை எரிபொருளுக்காகப் பாதையோரப் பணிமனையான பிட்டுக்குள் வரும். முதலில் இருந்த கார் பிட்டுக்குள் போனதும் ஐந்தாவதாகக் காட்டும். 'போச்சு!' என்று பதற வேண்டாம். மற்ற நால்வரும் இன்னும் உள்ளே வரவில்லை, அவ்வளவுதான். எல்லாரும் ஒருமுறை பிட் முடித்த பிறகு தெரிவதே உண்மையான வரிசை. இதைப் புரிந்துகொள்ள டிவி படம் மட்டும் போதாது. பக்கத்தில் போனில் லைவ் டைமிங்கை (எல்லாக் கார்களின் நேரத்தையும் உடனுக்குடன் காட்டும் பட்டியல்) திறந்துவையுங்கள். முன் காருக்கும் தன் காருக்கும் உள்ள இடைவெளி, கடைசி லேப் (சுற்று) நேரம், எத்தனை முறை பிட் வந்தது என்ற மூன்று கட்டங்களைப் படிக்கத் தெரிந்தால் போதும். சமையல், துணி மடிப்பது என்று வேலை இருந்தால் ரேடியோ லெ மான் ஆங்கில வர்ணனையை இணையத்தில் போட்டுவிட்டுக் கையை வேலையில் வைக்கலாம். எனக்கென்னவோ சில மணி நேரங்களில் படத்தைவிட அந்த வர்ணனையே மேல் என்று படுகிறது.

ஆபத்தான நேரத்தில் எல்லாரையும் மெதுவாக நடத்திச்செல்லும் சேஃப்டி கார் வந்தால் சீக்கிரம் போய்விடும் என்றும் நினைக்காதீர்கள். 2024இல் இரவு மழையில் நான்கு மணி நேரத்துக்கும் மேலாக சேஃப்டி கார் பின்னாலேயே எல்லாரும் ஊர்ந்தார்கள். தூங்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனால் 'ஸ்லோ ஸோன்' என்று வந்தால் கண்ணை எடுக்காதீர்கள். பாதையின் ஒரு பகுதியில் மட்டும் 80 கிலோமீட்டர் வேகம் என்று கட்டுப்படுத்துவார்கள். அதில் யார் எத்தனை முறை மாட்டினார்கள் என்பதைப் பொறுத்து இடைவெளிகள் மாறும்.

'இந்தக் கார் முடிந்தது' என்று எழுதிவிடுவது

2017இல் 2ஆம் எண் போர்ஷே ஆரம்பத்திலேயே பழுதாகி ஒரு மணி நேரத்துக்கும் மேல் கராஜில் கிடந்தது. திரும்பி வந்தபோது பட்டியலின் அடியில். வேகமான கார்கள் ஒவ்வொன்றாகச் சிக்கலில் விழ, ஒரு கட்டத்தில் எல்எம்பி2 காரே மொத்தத்தில் முன்னணியில் போனது. கடைசியில் வென்றது அந்த போர்ஷேதான்.

அதற்கு முந்தைய ஆண்டு நேர்மாறாக நடந்தது. டொயோட்டா 5ஆம் எண் வெற்றிக்குச் சில நிமிடங்களே இருக்கையில் ஓட்டுநர் நகாஜிமாவின் கையில் சக்தி இழந்து, பிட்டுக்கு எதிரே நேர்சாலையில் நின்றது. போர்ஷே தாண்டிப் போனது. டொயோட்டா எப்படியோ மீண்டும் நகர்ந்து கோட்டைத் தொட்டாலும், கடைசி லேப் ஆறு நிமிட வரம்பைத் தாண்டிவிட்டதால் முடிவுப் பட்டியலிலேயே இடமில்லை. அந்த ஆண்டு ஐந்து நிமிடம் முன்பு டிவியை அணைத்தவர்கள் டொயோட்டா வென்றது என்று நம்பிக்கொண்டு தூங்கியிருப்பார்கள்.

2021இல் எல்எம்பி2 பிரிவில் முன்னணியில் இருந்த 41ஆம் எண் கார் கடைசி லேப்பில் நின்றுபோனது. ஓட்டியவர் யே யிஃபெய், அணித் தோழர்களில் ஒருவர் ராபர்ட் குபிட்சா. நான்கு ஆண்டு கழித்து, 2025இல், அதே இருவரும் ஃபில் ஹேன்சனோடு மஞ்சள் நிற 83ஆம் எண் ஃபெராரியில் பந்தயத்தையே வென்றார்கள். இரண்டாவது வந்த போர்ஷேவோடு வித்தியாசம் 14.084 நொடி. 2024இலும் 14.221 நொடிதான். அந்த 2024 வெற்றிக் கார் கடைசி இரண்டு மணி நேரத்துக்குள் கதவு சரியாக மூடாததால் பிட்டுக்கு அழைக்கப்பட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் ஓடியும் இவ்வளவுதான் இடைவெளி.

நம் ஊர்க்காரர்களின் கதையும் இங்கே உண்டு. 2009இல் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் தொடக்கத்துக்கு முன் பிட் சுவரைத் தாண்டிக் குதிக்கையில் தோள் நழுவி, பந்தயத்தில் இறங்கவே முடியவில்லை. அவருடைய ஆடி (Audi) காரை மீதி இருவரே ஓட்டி ஏழாவதாகக் கொண்டுவந்தார்கள். 2012இல் சென்னைக்காரர் கருண் சந்தோக் மொத்தத்தில் ஆறாம் இடம் பிடித்தார்.

நேரில் போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். பொது நுழைவுச் சீட்டில் உட்கார இருக்கை கிடையாது. அதற்குத் தனியாக வாங்க வேண்டும். ஆனால் ஒரே இருக்கையில் 24 மணி நேரம் இருப்பதும் வீண். மாலையில் டெர்த்ர் ரூஜ், இரவில் ஆர்னாஜ் வளைவு என்று நடந்து பாருங்கள். காது அடைப்பான் மறக்காதீர்கள்.

அப்புறம், முடிவுக் கொடி விழுந்ததும் வரும் முடிவு தற்காலிகமானது. 2025இல் நான்காவதாக வந்த 50ஆம் எண் ஃபெராரி பந்தயத்துக்குப் பிந்தைய சோதனையில் பின் இறக்கை விதிக்கு உட்படவில்லை என்று தகுதி நீக்கம் செய்யப்பட்டது. வாட்ஸ்அப் குழுவில் வரிசையைப் போட்டுச் சண்டை பிடிக்கும் முன் திங்கட்கிழமைப் பட்டியலை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.