அடிபட்ட நாயையும் பூனையையும் மருத்துவரிடம் சேர்க்கும் வரை

வண்டியில் அடிபட்டுக் கிடக்கும் நாயைப் பார்த்ததும் நம் கண் தொங்கும் காலின் மீதுதான் போகிறது. ஆனால் முதல் சில மணி நேரத்தில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் உடைந்த எலும்பு அன்று; மூச்சுத் திணறலும், வெளியே தெரியாமல் வயிற்றுக்குள்ளோ மார்புக்குள்ளோ கசியும் இரத்தமுமே. ஆகவே காலை நேராக்குவது, குச்சி வைத்துக் கட்டுவது ஆகியவற்றில் நேரத்தைச் செலவிடாமல், மூச்சையும் இரத்தப்போக்கையும் கவனித்து, விலங்கை அசைவில்லாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே நம் வேலை.

நெருங்குவதற்கு முன், உடன் இருப்பவர் ஒருவரைச் சாலையில் நிறுத்தி வண்டிகளை விலக்கச் சொல்லுங்கள். வலியில் துடிக்கும் நாய் தன்னை வளர்த்தவரையே கடிக்கக்கூடும். அதைக் குணக்கேடாக எண்ண வேண்டாம். தாழ்ந்த குரலில் பேசியபடி பக்கவாட்டில் அணுகி, துப்பட்டாவிலோ அகலமான துணிப்பட்டையிலோ ஒரு சுருக்குப் போட்டு, மூக்குத் தண்டின் மேல் மாட்டி இறுக்கி, இரு முனைகளையும் தாடைக்குக் கீழே குறுக்காகக் கொண்டுபோய், காதுகளுக்குப் பின்னால் இழுத்தால் அவிழும் முடிச்சாகக் கட்டுங்கள். வாந்தி எடுக்கும் நாய்க்கும், மூச்சிரைக்கும் நாய்க்கும், தாடையில் அடிபட்ட நாய்க்கும், பக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கும் வாயைக் கட்டக் கூடாது. பூனைக்கு இந்த முறை ஒத்துவராது. தடிமனான துண்டை மேலே போர்த்தி, துண்டோடு சேர்த்து அள்ளி, காற்றுத் துளைகள் இட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடிவிட்டால் இருட்டில் அது ஓரளவு அமைதியடையும். வாயில் எச்சில் ஒழுக, தாடை தொங்க, தடுமாறி நடக்கும் தெருநாயைத் தொடாதீர்கள். அது ரேபிஸாக இருக்கலாம்.

அடுத்து, மேல் உதட்டின் ஓரத்தைத் தூக்கி ஈற்றைப் பாருங்கள். நல்ல நிலையில் அது இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தாலும், சிவக்க நேரமானாலும், உள்ளே இரத்தம் கசிகிறது அல்லது அதிர்ச்சியில் உடலின் இரத்த ஓட்டம் தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். நீலம் பாரித்திருந்தால் உயிர்க்காற்று போதவில்லை. நம் ஊர் நாய்கள் பலவற்றுக்கு ஈறே கருப்பாக இருக்கும். அவற்றில் கீழ் இமையை இழுத்து உட்புறத்தின் நிறத்தைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு குறிப்பைத் தொலைபேசியில் சொன்னாலே, மருத்துவர் பிராணவாயுவையும் குளுக்கோஸ் ஏற்றும் குழாயையும் ஆயத்தமாக வைத்திருப்பார்.

வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனையைக் கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. மாடியிலிருந்து விழுந்த பூனைக்கும் வண்டியில் அடிபட்ட பூனைக்கும் மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைச் சுவரான உதரவிதானம் கிழிந்து, ஈரலும் குடலும் மார்புக்குள் ஏறிவிடுவது உண்டு. நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்து அதை அமுக்குவதும் உண்டு. இந்த நிலையில் மல்லாக்கப் படுக்க வைத்தாலோ, வயிற்றைப் பிடித்துத் தூக்கினாலோ, சற்றுமுன் வரை விழித்துப் பார்த்துக்கொண்டிருந்த பூனையின் உயிர் கையிலேயே அடங்கிவிடலாம். அது எந்த நிலையில் உட்கார விரும்புகிறதோ அப்படியே விட்டுவிடுங்கள்.

இரத்தம் பெருகும் காயத்தின் மேல் சுத்தமான துணியை மடித்து வைத்து, குறைந்தது 5 நிமிடம் கையை எடுக்காமல் அழுத்துங்கள். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள். இடையில் எடுத்துப் பார்த்தால் உறைந்த இரத்தம் பிய்ந்துவிடும். மஞ்சள்தூள், காப்பித்தூள், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். புழு வைத்த புண்ணைக் கண்டு பதறி எரிபொருளை ஊற்றுவது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. அது சதையைச் சுட்டு வேதனையைக் கூட்டுவதால் கட்டாயம் தவிர்க்க வேண்டும். முதுகெலும்பில் அடி இருக்கலாம் என்பதால், பலகையிலோ, இரண்டு பேர் இழுத்துப் பிடித்த போர்வையிலோ நாயை மெல்ல நகர்த்தி ஏற்றுங்கள்.

வலி குறையட்டும் என்று நம் மாத்திரையைக் கொடுப்பதுதான் நல்ல மனத்தோடு செய்யப்படும் பெரிய தீங்கு. 500 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. அதைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவை நாய்க்கும் இரைப்பைப் புண்ணையும் சிறுநீரகக் கேட்டையும் உண்டாக்கும். பாலோ தண்ணீரோ புகட்டினால் நுரையீரலுக்குள் போகலாம்; பிறகு மருத்துவர் அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பதும் ஆபத்தாகிவிடும்.

தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். சென்னையில் வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. கிண்டியில் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு உண்டு. ஆயினும் மூச்சுத் திணறும் உயிரை வைத்துக்கொண்டு வண்டிக்காகக் காத்திருப்பதைவிட, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அருகிலுள்ள மருத்துவரிடம் போவதே நல்லது. எப்போது அடிபட்டது, அதன் பிறகு சிறுநீர் கழித்ததா, ஏதேனும் மருந்து கொடுத்தீர்களா என்பவற்றை மறவாமல் சொல்லுங்கள். சிறுநீர் வரவில்லை என்றால் சிறுநீர்ப்பை கிழிந்திருக்கக்கூடும்.

உடைந்த காலுக்கு உடனே அறுவை சிகிச்சை செய்யவில்லையே என்று பலர் கோபப்படுகிறார்கள். இரத்த அழுத்தம் தாழ்ந்த உடல் மயக்க மருந்தைத் தாங்காது; நுரையீரல் காயம் ஒரு நாளுக்குப் பிறகே எக்ஸ்ரேயில் முழுமையாகத் தெரியவும் கூடும். ஆகவே ஓரிரு நாள் நிலைப்படுத்திவிட்டு எலும்பைச் சேர்ப்பது சரியான மருத்துவமே. அதே நேரத்தில், பெரிய நாயின் வயிறு உப்பி, ஓங்கரித்தும் எதுவும் வெளிவராமல் தவித்தால், இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதற்கு அன்றே அறுவை சிகிச்சை வேண்டும். கருத்தடை செய்யாத பெண் நாய் இனச்சேர்க்கைப் பருவம் கண்ட சில வாரங்களில் சோர்ந்து, தண்ணீரை அதிகமாகக் குடித்து, சீழ் வடிந்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். முக்கி முக்கியும் சிறுநீர் கழிக்க முடியாத ஆண் பூனைக்கு, அடைப்பை நீக்காவிட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடும். இம்மூன்றையும் விடியட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது.

தூக்கும்போது கடியோ கீறலோ பட்டிருந்தால், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று ரேபிஸ் தடுப்பூசியைத் தொடங்குங்கள். இரத்தம் வந்த காயமானால், உடனடி எதிர்ப்பாற்றல் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட வேண்டும். குட்டிநாய்தானே, வீட்டுப் பூனைதானே என்று விட்டுவிடாதீர்கள்.

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வரும் விலங்கு குளிரில் நடுங்கும். தரையில் கிடத்தாமல் சாக்கு விரித்து, மேலே போர்த்துங்கள். புண்ணை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டிய கூம்பைப் பாவம் பார்த்துக் கழற்றினால், ஓர் இரவில் தையலைப் பிரித்துவிடும். தையல் பிரிப்பது வழக்கமாக 10 முதல் 14 நாளில். இடுப்பெலும்பு உடைந்த பூனைக்குப் பல நேரங்களில் 4 முதல் 6 வாரக் கூண்டு ஓய்வே போதுமானதாகிறது, ஆனால் அந்த நாள்களில் மலமும் சிறுநீரும் தவறாமல் போகின்றனவா என்பதைத் தினமும் பார்த்துக் குறித்து வைத்து, ஒரு நாள் தவறினாலும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.