திடீர்ப் பயணம், இரண்டு வயிறு: ஆம்ஸ்டர்டாம், கென்ட், ப்ரூஜ்

"அடுத்த வாரம் ஐரோப்பா போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாமா?" என்று நண்பர் கேட்டால் உடனே கிளம்ப முடியுமா? விசா ஏற்கெனவே கையில் இருந்தால் முடியும். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம், பெல்ஜியத்தின் கென்ட், ப்ரூஜ் ஆகிய கால்வாய் நகரங்களுக்குச் சாப்பாட்டுக்காகவே முதல்முறை போகிறவர்களுக்கு இது. மியூசியங்கள் வழியில் வந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. விசாவை முடித்துவையுங்கள்

இந்தியப் பாஸ்போர்ட்டில் திடீர் முடிவு செல்லுபடியாகாத ஒரே கட்டம் இது. இந்த இரண்டு நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு வர வழக்கமாக 15 நாள். கோடையில் விண்ணப்பிக்கத் தேதி கிடைப்பதே பெரும்பாடு. அதிக இரவு தங்கும் நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டிலும் சம இரவு என்றால் முதலில் நுழையும் நாட்டுக்கு. கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். ரத்து செய்யக்கூடிய அறைகளாகவே போடுங்கள். பிறகு மனம் மாற இடம் இருக்கும்.

அப்படியே வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் அட்டையைத் தட்டிப் பணம் கட்டும் 'டேப்' வசதியையும் திறந்துவிடுங்கள். ஆம்ஸ்டர்டாமில் ரொக்கம் வாங்காத கடைகள் நிறைய.

2. நண்பரோடு ஒரு ஒப்பந்தம்

எதை வாங்கினாலும் ஒன்றுதான், இருவருக்கும் பாதி. துணையோடு போவதில் இருக்கும் பெரிய லாபமே இதுதான். தனியாகப் போனால் மதியத்துக்குள் வயிறு நிரம்பி, மாலைக் கடைகளை வேடிக்கைதான் பார்க்க வேண்டியிருக்கும். ஆளுக்கு ஒரே அளவு பணம் போட்டு ஒரு பொதுக் கணக்கு வையுங்கள். தெருச் சாப்பாட்டுச் செலவு முழுக்க அதிலிருந்து. "வாஃபிளுக்கு யார் கொடுத்தது?" என்ற பேச்சே எழாது. ஒருவர் சைவம் என்றால் அதையும் முன்பே பேசிவிடுங்கள். காரணம் கென்ட் பகுதியில் வரும்.

3. ஆம்ஸ்டர்டாம்: சந்தையில் தொடங்குங்கள்

ஸ்கிப்போல் விமான நிலையத்திலிருந்து ரயிலில் கால் மணி நேரம். ஏறும்போதும் இறங்கும்போதும் வங்கி அட்டையைத் தட்டினால் போதும். இறங்கும்போது மறந்தால் கூடுதலாகப் பிடித்துக்கொள்வார்கள்.

ஆல்பர்ட் கோய்ப் சந்தை 1905 முதல் இருக்கிறது, ஞாயிறு விடுமுறை. முதலில் ஹாரிங் மீன். பச்சை மீன் என்று முகம் சுளிக்க வேண்டாம். லேசாக உப்பிட்டுப் பதப்படுத்தி, புழுக்கள் சாக உறையவைத்த மீன். ஆம்ஸ்டர்டாமில் துண்டுகளாக்கி, பொடியாக நறுக்கிய வெங்காயமும் வெள்ளரி ஊறுகாயும் சேர்த்துத் தருவார்கள். புது ஹாரிங் வருவது ஜூன் நடுவில். கொழுப்பேறி வெண்ணெய் போலக் கரையும். அடுத்து, நடுவில் பாகு வைத்துச் சூடாகச் சுட்ட மெல்லிய வாஃபிள், ஸ்ட்ரூப்வாஃபிள். பாக்கெட்டில் விற்பதை ஊருக்கு வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே சாப்பிடாதீர்கள்.

மதியம் சூரினாம் ரொட்டி. 1873 முதல் வட இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக, தென் அமெரிக்காவில் அன்று டச்சுக் காலனியாக இருந்த சூரினாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் சமையல் இது. 1975இல் சூரினாம் விடுதலை பெற்றதையொட்டி அவர்களில் பலர் நெதர்லாந்துக்குக் குடிபெயர, ரொட்டியும் கூடவே வந்தது. கோழிக் குழம்பு, உருளை, காராமணிக்காய், அவித்த முட்டை எல்லாம் ஒரே தட்டில். கையால் பிய்த்துச் சாப்பிடலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கோழி இல்லாமலும் கிடைக்கும்.

அப்புறம் கால்வாய்க் கரைகளில் நடங்கள். படகைவிட நடைதான் நல்லது, செரிக்கவும் வேண்டுமே.

4. ரயில்

யூரோஸ்டார் வேகமானது, ஆனால் கடைசி நேரத்தில் விலை ஏறிவிடும். திடீர்ப் பயணிகளுக்கு யூரோசிட்டி ரயில்தான் சரி. ஆண்ட்வெர்ப் போய் அங்கே கென்டுக்கு மாறிக்கொள்ளலாம். பெல்ஜியத்துக்குள் ஓடும் ரயில்களில் இருக்கை முன்பதிவே கிடையாது.

5. கென்ட்: இங்கே கூடுதல் இரவு

ப்ரூஜைவிட எனக்குக் கென்ட்தான் பிடிக்கும். மாணவர்கள் நிறைந்த, இன்னும் தன் வாழ்க்கையை வாழ்கிற ஊர்.

இப்போது அந்தச் சைவ விஷயம். பெல்ஜிய உருளை வறுவலை இரண்டு முறை பொரிப்பார்கள், பழைய முறையில் மாட்டுக் கொழுப்பில். "இது தாவர எண்ணெயா?" என்று கேட்காமல் வாங்காதீர்கள். மாட்டிறைச்சி சாப்பிடாத அசைவர்களுக்கும் இது பொருந்தும். நல்லவேளையாக, 2009 முதல் வியாழக்கிழமையைச் சைவ நாளாக ஊக்குவிக்கும் நகரம் இது. சைவ உணவுக்கு அலைய வேண்டியதில்லை.

அசைவர் கேட்க வேண்டியது வாட்டர்ஸோய்: காய்கறி, கிரீம் சேர்த்த குழம்பு. ஆதியில் மீன், இப்போது பெரும்பாலும் கோழி. பல உணவகங்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல் அடுப்பு அணைந்து ஆறு மணிக்குத்தான் மறுபடி எரியும் என்பதால் நேரம் பார்த்துப் போங்கள். தண்ணீருக்கும் காசு கேட்பார்கள்.

க்ரூன்டென்மார்க்ட் சதுக்கத்தில் தள்ளுவண்டியில் மூக்கு வடிவ ஊதா மிட்டாய் விற்பார்கள், பெயர் க்யூபெர்டான். மேலே கெட்டி, உள்ளே ராஸ்பெரி பாகு. சில வாரங்களில் உள்ளே இறுகிவிடும், அதனால் வாங்கி உடனே தின்றுவிடுங்கள். அதே சதுக்கத்தில் டீரன்டெய்ன் கடை மரப்பீப்பாயிலிருந்து கடுகு விழுது எடுத்துத் தரும். மூக்கு வரை ஏறும் காரம்.

6. ப்ரூஜ்: மாலையில்

கென்டிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. பகல் கூட்டம் கலைந்த பிறகு போங்கள். மார்க்ட் சதுக்கத்தில் மணிக்கூண்டின் அடியில் வறுவல் கடைகள் உண்டு. எண்ணெயைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். வாஃபிள் என்றால் லியேஜ் வகை. மாவுக்குள்ளேயே சர்க்கரைக் கட்டிகள் உருகி மொறுமொறுப்பாக இருக்கும், மேலே கிரீம், சாக்லேட் எதுவும் வேண்டாம்.

ஊர் திரும்பும்போது கடுகு ஜாடியைக் கைப்பையில் வைக்காதீர்கள். விமான நிலையச் சோதனையில் அதைத் திரவமாகத்தான் கணக்கிடுவார்கள். துணிகளுக்கு நடுவே சுற்றிப் பெரிய பெட்டியில் போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜில்.